ஒரு மருந்துத் துண்டின் விலை

1999 ஜூலையில், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது, லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் சிறுநீரில் டிரையம்சினோலோன் என்ற மருந்தின் தடயம் அகப்பட்டது. வீக்கத்தையும் வலியையும் அடக்கும் கோர்ட்டிசோன் வகை மருந்து அது. அணித் தரப்பிலிருந்து வைத்தியரின் மருந்துத் துண்டு ஒன்று வந்தது. சைக்கிள் இருக்கை உரசிய புண்ணுக்குப் பூசிய களிம்பில் அந்த மருந்து இருந்ததாக அது சொன்னது. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. ஆம்ஸ்ட்ரோங் அந்த ஆண்டு பட்டம் வென்றார். அந்தத் துண்டு பின்னர் எழுதி முன்தேதி இடப்பட்டது என்று அணியில் பணியாற்றிய உடற்பிடிப்புப் பணியாளர் பிற்பாடு சாட்சி சொன்னார். 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ரோங்கே தொலைக்காட்சியில் அதை ஒப்புக்கொண்டார். இனி 2011 மார்ச் 29. கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கில் உலகக் கிண்ண அரையிறுதியில் இலங்கை நியூசிலாந்தை வென்ற அன்று உபுல் தரங்கவிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் இருந்தன. இவையும் அதே கோர்ட்டிசோன் குடும்பம்தான். தரங்கவிடம் மருந்துத் துண்டு இல்லை. தோள் உபாதைக்கு எடுத்துக்கொண்ட மூலிகை மருந்து ஒன்றுதான் அவர் சொன்ன காரணம். ஆட்டத்திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதை விசாரித்த தீர்ப்பாயம் ஏற்றது. இருந்தும் ஒரு வீரருக்கு வேண்டிய எச்சரிக்கை தவறியதற்காக மே 9 முதல் மூன்று மாதத் தடை விதித்தது.

ஒரே வகை மருந்து. அறிந்து ஏமாற்றியவர் துண்டோடு தப்பினார். ஏமாற்ற எண்ணாதவர் துண்டில்லாமல் தண்டனை பெற்றார். இவை தற்செயலாக அருகருகே வைக்கப்பட்ட இரண்டு கதைகள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடந்த கால் நூற்றாண்டின் ஊக்கமருந்து வழக்குகளைப் புரட்டிப் பார்த்தால் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. சிறுநீர்ப் பரிசோதனை தனியாக நிற்பவனைப் பிடிப்பதில் வல்லது. வைத்தியரும் பயிற்சியாளரும் பணமும் சூழ நிற்பவனைப் பிடிப்பதில் பலவீனமானது. தொழில்முறைச் சைக்கிள் ஓட்டத்தின் ஊழலை அடக்கப் பிறந்த ஒழுங்குமுறையை இலங்கை ஏற்றுக்கொண்டது. அதில் நம்மிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் பரிசோதனைப் பகுதி மட்டுமே. கொடுத்தவனைத் தேடும் பகுதியும் வீரனுக்குக் கற்றுக்கொடுக்கும் பகுதியும் வழியிலேயே நின்றுவிட்டன. கலஹா போன்ற ஒரு மலையூரில் ஓடத் தொடங்கும் பிள்ளைக்கு இதனால் நேரும் அநீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சைக்கிள் ஓட்டத்துக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். 1967 ஜூலை 13ஆம் திகதி பிரித்தானிய வீரர் டொம் சிம்ப்சன் மொன் வான்து மலையேற்றத்தில் விழுந்து இறந்தார். உடலில் அம்பெட்டமின்னும் மதுவும் இருந்தன. அந்தக் காலத்தில் இது ஒருவர் தன் சட்டைப்பையில் மாத்திரை வைத்துக்கொள்ளும் பழக்கமாக இருந்தது. எண்பதுகளின் இறுதியில் எரித்ரோபொயட்டின் வந்ததும் விஷயத்தின் இயல்பே மாறிவிட்டது. சுருக்கமாக இபிஓ என்பார்கள். சிறுநீரகம் இயற்கையாகச் சுரக்கும் ஹோர்மோன் அது. எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்காகச் செயற்கையில் தயாரானது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஒட்சிசன் கூடும், மலையேற்றத்தில் கால் சோராது. ஆனால் இரத்தம் தடித்து இதயம் நிற்கவும் கூடும். ஆகவே அளவு பார்க்க வைத்தியர் வேண்டும், இரத்தத்தை எண்ண இயந்திரம் வேண்டும், குளிர்ப்பெட்டியில் கொண்டுபோக ஆள் வேண்டும். தனியாள் பழக்கம் இவ்வாறு ஒரு நிறுவனமாயிற்று. இபிஓவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையோ 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் வரை வரவில்லை. இடையில் 1997இல் சைக்கிள் ஒன்றியம் செய்ததெல்லாம் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்ததுதான். அணி வைத்தியர்கள் தங்கள் வீரர்களை அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நிறுவனத்தைக் குலைத்தது ஆய்வுகூடமன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1998 ஜூலை 8ஆம் திகதி பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் வந்த ஒரு காரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோய் ஓட்டிவந்த அந்தக் காரில் இபிஓ, வளர்ச்சி ஹோர்மோன், டெஸ்டஸ்டெரோன், அம்பெட்டமின் எல்லாம் இருந்தன. பொலிஸ் விசாரணையில் அணி முகாமையாளரும் வைத்தியரும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு வெளிவந்தது. அணி போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த அதிர்ச்சியில்தான் 1999 நவம்பரில் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் பிறந்தது. அடுத்த பெரிய உடைப்பும் அப்படியே. நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைக் கடந்தவர் என்பதே ஆம்ஸ்ட்ரோங்கின் நீண்டகால வாதம். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை வெளியிட்ட ஆவணக் கட்டு 1,000 பக்கத்தைத் தாண்டியது. அதன் முதுகெலும்பு 26 பேரின் சாட்சியம், அவர்களில் 11 பேர் அவருடைய பழைய அணித்தோழர்கள். ஏழு பட்டங்களும் அதன்பேரில் பறிபோயின. அணியின் இயக்குநர் ஜொஹான் புருய்னீல், ஆலோசகராக இருந்த வைத்தியர் மிக்கேலே ஃபெராரி ஆகியோருக்கும் வாழ்நாள் தடை வந்தது. சிறுநீர்க் குப்பி சொல்லாததைச் சுங்கக்காரரும் சாட்சிகளும் சொன்னார்கள்.

இலங்கையின் அனுபவமும் இதையே உறுதி செய்கிறது, அதுவும் நம் தடகளத்தின் மிகப் பெரிய பெயரின் வழியாக. 1998இல் சுசந்திகா ஜயசிங்கவின் மாதிரியில் நண்ட்ரலோன் என்ற ஸ்டெரொய்ட் இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் போட்டிகளிலிருந்து நிறுத்தப்பட்டு, நீண்ட போராட்டத்துக்குப் பின் விடுவிக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்துச் சிட்னியில் 200 மீற்றரில் அவர் வென்ற வெண்கலம், 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பின் இலங்கைக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம். அன்று முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸின் எந்தப் பரிசோதனையும் சிட்னியில் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பயன்படுத்திய ஸ்டெரொய்ட், ஆய்வுகூடத்தின் கண்ணில் படாதபடி வேதியியல் முறையில் மாற்றப்பட்டது. 2003இல் ஒரு பயிற்சியாளர் பெயர் சொல்லாமல் அமெரிக்க முகமைக்கு அனுப்பிய ஊசிக்குழாயும், அதே ஆண்டு அந்த ஸ்டெரொய்டை வழங்கிய பால்கோ நிறுவனத்தில் அரசு அதிகாரிகள் நடத்திய சோதனையும்தான் 2007இல் அவரை ஒப்புக்கொள்ள வைத்தன. 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. பரிசோதனை குற்றஞ்சாட்டிய இலங்கைப் பெண் விடுதலையானார். பரிசோதனை விட்டுவிட்ட அமெரிக்கப் பெண் குற்றவாளியானார். ஒரே ஓட்டத்தில் ஓடிய இருவரின் வழக்கில் இப்படி நடந்திருக்கிறது என்றால், குப்பி ஒன்றையே நம்பி நீதி வழங்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

குசல் ஜனித் பெரேராவின் வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து அவர் திருப்பி அழைக்கப்பட்டார். கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் அவர் மாதிரியில் ஒரு ஸ்டெரொய்ட் இருந்ததாக அறிவித்திருந்தது. இலங்கையில் உலக முகவரகம் அங்கீகரித்த ஆய்வுகூடம் கிடையாது; மாதிரிகள் கடல் கடந்துதான் போகின்றன. இலங்கை கிரிக்கெட் நிறுவனம் இங்கிலாந்தின் விளையாட்டுச் சட்ட வல்லுநர்களை அமர்த்தியது. விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தின் முடிவைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2016 மே மாதம் ஆய்வுகூடம் தன் முடிவை மீளப் பெற்றது. சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் இந்தியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ணம் முடிந்துபோயிருந்தது. பணமும் சட்டத்தரணியும் இருந்தவருக்கே ஏறத்தாழ அரை ஆண்டு போயிற்று. கிரிக்கெட்டுக்கு வெளியே, ஒரு பளுதூக்குபவனுக்கோ நெடுந்தூர ஓட்டக்காரிக்கோ சைக்கிள் வீரனுக்கோ இதே தவறு நேர்ந்திருந்தால் அதைத் தவறு என்று நிரூபிக்கச் செலவழிக்க யார் இருந்திருப்பார்கள்? பிழையாகத் தண்டிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, பிழையை எதிர்க்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் காட்டும்.

அண்டையில் தமிழ்நாட்டுக் கதையும் நெஞ்சை அறுப்பதுதான். திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரல் 22ஆம் திகதி டோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீற்றரில் தங்கம் வென்றபோது தமிழ் பேசும் உலகமே கொண்டாடியது. நண்ட்ரலோன் காரணமாக அந்தத் தங்கம் பறிக்கப்பட்டு நான்கு ஆண்டுத் தடை வந்தது. அவருடைய நான்கு மாதிரிகளில் அந்த மருந்து இருந்தது. முதலாவது, மார்ச் மாதம் பட்டியாலாவில் எடுத்தது. அதன் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் டோஹாவுக்கு விமானமேறியிருக்கவே மாட்டார். அவர் தெரிந்தே எடுத்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் நிலையில் நான் இல்லை. விதிப்படி தீர்ப்பு சரியானது. என்னை உறுத்துவது வேறு. வறுமையிலிருந்து வந்த ஒரு ஓட்டக்காரியின் உடலில் மருந்து வந்து சேர்வதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்? வழக்கின் முடிவில் நின்ற பெயர் அவருடையது ஒன்றுதான். 2011இல் இந்தியத் தொடரோட்டப் பெண்கள் சிலர் சிக்கியபோது, பயிற்சியாளர் யூரி ஒகொரொட்னிக் கொடுத்த ஜின்செங் வழியாகவே ஸ்டெரொய்ட் உடலில் சேர்ந்தது என்று வாதாடினார்கள். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்; பெண்களுக்கு விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாண்டுத் தடை விதித்தது. வேலை இழந்தவர் இன்னொரு நாட்டில் வேலை தேடலாம். ஓட்டக்காரியின் இரண்டு ஆண்டு திரும்பி வராது.

இப்போது கலஹாவுக்கு வருவோம். கண்டிக்குத் தெற்கே, பேராதனையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைப்புறத்தில்தான் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் வேண்டிய மூச்சும் தொடையும் இந்த மேட்டில் நடந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இயல்பாகவே அமையும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால் யாரிடம் போகும்? தோட்டத்து டிஸ்பென்சரி, ஊர் ஆஸ்பத்திரி, டவுன் பார்மசி, இல்லாவிட்டால் எண்ணெய் போட்டுக் கட்டும் நாட்டு வைத்தியர். இவர்களில் எவருக்கும் தடைப்பட்டியல் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த ஏற்பாடும் இல்லை. அவர்கள் நோயைப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். மூட்டு வலிக்கு பிரெட்னிசோலோன் கொடுப்பது வைத்தியத்தில் சாதாரணம். மூலிகை என்று விற்கப்படும் வலி மருந்தில் விரைவாகக் குணம் தெரிவதற்காக ஸ்டெரொய்ட் தூள் கலப்பதும் பல நாடுகளில் பிடிபட்ட மோசடி. பிரெட்னிசோலோன் எந்த இலையிலும் வேரிலும் விளைவதில்லை, செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. மூலிகைச் சூரணத்தில் அது இருக்கிறதென்றால் ஒரு கை அதில் போட்டிருக்கிறது. அந்தக் கையைத் தேடுவது நோயாளிகள் எல்லாருக்கும் நன்மை. விளையாட்டு வீரன் அங்கே வெறும் முதல் சாட்சி.

கண்டிக்குச் சொந்தமான விளையாட்டு என்றால் றக்பிதான். 1945இலிருந்து கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயத்துக்காக நகரமே திரளும். அந்தத் திரளின் அழுத்தம் பதினாறு பதினேழு வயதுப் பையன்களின் தோளில் இறங்குகிறது. உடம்பு ஏற்ற வேண்டும், அதுவும் அடுத்த பருவத்துக்குள் ஏற்ற வேண்டும். 2011இல் தேசிய றக்பி அணியின் மூன்று வீரர்கள் மெதில்ஹெக்சனமைன் என்ற தூண்டுபொருளுக்காகச் சிக்கினார்கள்; ஜிம்மில் குடிக்கும் ஊட்டத் தூள்களில் அக்காலத்தில் பரவலாகக் கலந்திருந்த பொருள் அது. அதற்குச் சில மாதம் முன்பு தென்னாபிரிக்கத் தேசிய அணியின் இருவரும் அதே பொருளுக்காகச் சிக்கினார்கள். அணி தந்த தூளில்தான் அது இருந்தது என்பதை அணியே முன்வந்து நிறுவியதால், அவர்கள் தடையின்றித் திரும்பினார்கள். அணியின் வைத்தியப் பதிவு ஒரு வீரனைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சைக்கிள் ஊழலில் குற்றத்தை மறைத்த அதே வகைக் கடதாசி, ஒழுங்காக இருந்தால் நிரபராதியைக் காக்கவும் செய்கிறது. நம் ஊர்ப் பையனிடம் இரண்டுக்குமான கடதாசியும் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடலில் இருப்பது எதுவானாலும் வீரனே பொறுப்பு என்ற கடும்பொறுப்பு விதியைத் தளர்த்தினால் எல்லாரும் மூலிகை என்பார்கள், இறைச்சி என்பார்கள், தம்பி கலக்கிக் கொடுத்தான் என்பார்கள். உண்மைதான். 2010 டூர் டி பிரான்ஸில் அல்பெர்ட்டோ கொண்டடோர் மாட்டிறைச்சியைக் காரணம் சொன்னார். அவர் மாதிரியில் மிக நுண்ணிய அளவு கிளென்பியூட்டரோல் என்ற தடைமருந்துதான் இருந்தது, சிறந்த சட்டத்தரணிகளும் இருந்தார்கள், ஆயினும் 2012இல் பட்டத்தை இழந்தார். பணம் எப்போதும் காப்பாற்றும் என்று நான் வாதாடவில்லை. விதியைத் தளர்த்தவும் கேட்கவில்லை. டெல்லி 2010 கொமன்வெல்த் போட்டியில் மஞ்சு வன்னியாரச்சி குத்துச்சண்டைத் தங்கம் வென்றபோது, அந்த விளையாட்டில் 72 ஆண்டுக்குப் பின் வந்த தங்கம் என்று நாடு பூரித்தது. நண்ட்ரலோன் காரணமாக அது பறிக்கப்பட்டு, இறுதியில் தோற்ற வேல்ஸ் இளைஞர் ஷோன் மக்கோல்ட்ரிக்குக்குப் போனது. போனது நியாயம். மருந்து உடலில் எப்படிச் சேர்ந்திருந்தாலும், வளையத்துக்குள் எதிரே நின்றவனுக்கு அதனால் நேர்ந்த பாதகம் ஒன்றுதான். பதக்கத்தைத் திருப்பி எடுப்பதும் மனிதனின் வாழ்க்கையை முடக்குவதும் இரண்டு வெவ்வேறு முடிவுகள். முதலாவதுக்குக் குப்பி போதும். இரண்டாவதுக்கு முன் யார் கொடுத்தார் என்ற விசாரணை நடந்திருக்க வேண்டும். உலக விதிக்கோவையே வீரனின் தவறு எவ்வளவு என்று பார்த்துத் தடையைக் குறைக்க இடம் தருகிறது. தரங்கவுக்கு மூன்று மாதத்தோடு முடிந்தது அதனால்தான். ஆனால் தன் தவறு சிறியது என்று நிரூபிக்கும் சுமை வீரன் மேலேயே இருக்கிறது. அந்தச் சுமையைத் தூக்கும் வசதி எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

விசாரணை செலவு பிடிக்கும், சிறிய நாட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பது அடுத்த மறுப்பு. வோயின் காரை நிறுத்தியது தினக் கடமையிலிருந்த சுங்கம். நமக்கும் சுங்கம் இருக்கிறது. 2015இன் சட்டப்படி அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. விளையாட்டில் ஊக்கமருந்துப் பயன்பாட்டுக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகமும் இருக்கின்றன. மருந்து கடத்துவது, வீரனுக்குச் செலுத்துவது, உடந்தையாயிருப்பது மூன்றும் உலக விதிக்கோவையில் மீறல்கள்தான்; சில மீறல்களுக்கு வாழ்நாள் தடைவரை போகலாம் என்பதைப் புருய்னீலின் கதையே காட்டியது. ஒரு மாதிரி தவறென்று வரும் ஒவ்வொரு முறையும், அந்த வீரன் சொல்லும் பார்மசிக்கும் ஜிம்முக்கும் வைத்தியருக்கும் ஒரு அதிகாரி போய்ப் பார்த்துவர வேண்டும் என்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. விமானப்படை ஆண்டுதோறும் நடத்தும் சைக்கிள் ஓட்டம் போன்றவற்றில் முன்னணியில் வருகிறவர்கள் பெரும்பாலும் படையணிகளின் வீரர்கள். அவர்களுக்காவது சொந்த வைத்தியப் பிரிவு இருக்கிறது. மாகாண மட்டத்தில் ஓடும் பாடசாலைப் பிள்ளைக்கு, போட்டிக்கு முன் எடுத்த மருந்தின் பெயரை எழுதி வைத்தியரின் ஒப்பத்தோடு வைத்துக்கொள்ளும் ஒரு கொப்பி போதும். நோய்க்குத் தேவையான மருந்தென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்குப் பெறலாம் என்பதையும் யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சைக்கிள் அணிகள் அந்த விலக்கை எவ்வளவு நெளித்துப் பயன்படுத்தின என்பது பிரித்தானிய வீரர் பிரட்லி விகின்ஸின் டிரையம்சினோலோன் அனுமதிகள் 2016இல் வெளிவந்தபோது எழுந்த சர்ச்சையில் தெரிந்தது. அங்கே அதை எல்லைவரை இழுத்தார்கள். இங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியாமைக்கு மொழியும் காரணம். தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் புதுப்பிக்கப்படுகிறது. 2017இன் பட்டியலில் ஹிஜெனமைன் என்ற பொருள் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் ஆஸ்துமா மருந்துகளின் வகையைச் சேர்ந்தது அது. அது எங்கெல்லாம் இருக்கும் என்று சொல்லும் விளக்கக் குறிப்பில் ஒரு கொடியின் பெயரும் இருந்தது. சீந்திலின் நெருங்கிய இனம். சிங்கள வைத்தியத்தில் தித்தகிந்த என்பார்கள், காய்ச்சலுக்குக் கசாயம் வைப்பார்கள். கண்டிச் சந்தையில் மூலிகை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்தக் கொடியைக் கண்டவுடன் தெரியும். குறிப்பில் அது டினோஸ்போரா கிறிஸ்பா என்று இலத்தீனில் இருந்தது.